யாயோய் உழவர்கள்: ஜப்பானுக்கு நெல் வந்த வழி

கேள்வி இதுதான்: ஜப்பானில் நெல் சாகுபடியைத் தொடங்கிய யாயோய் பண்பாட்டைப் பற்றி அகழாய்வுகள் என்ன சொல்கின்றன? அந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள்? தமிழர்கள்தான் கடல்வழியே போய் அங்கே நெல்லை அறிமுகப்படுத்தினார்கள் என்று அடிக்கடி பகிரப்படும் செய்தியில் உண்மை இருக்கிறதா?

விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெல் விவசாயம் கொரியத் தீபகற்பத்தின் தென்பகுதியிலிருந்து கடலைத் தாண்டி கியூஷூ தீவின் வடகரைக்கு வந்தது. கி.மு. 10-ஆம் நூற்றாண்டு வாக்கில் என்பது இன்று பலர் ஏற்கும் காலம்; அதைவிட ஓரிரு நூற்றாண்டு பிந்தியது என்பாரும் உண்டு. வந்தது விதைநெல் மட்டும் அல்ல. வரப்பு, வாய்க்கால், மடை, மண்வெட்டி, கதிர் அறுக்கும் கத்தி, மரம் வெட்டும் கோடரி, வீடு கட்டும் முறை, செத்தவரைப் புதைக்கும் முறை என்று ஒரு முழு வாழ்க்கையே கட்டோடு வந்து இறங்கியது. அந்தக் கட்டு முழுவதும் எந்த நிலத்தில் அப்படியே கிடைக்கிறதோ, அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். கொரியாவின் தெற்கில் அது கிடைக்கிறது, தமிழ்நாட்டில் கிடைக்கவில்லை. மீதிப் பதில் முழுக்க இதற்கான சான்றுகள்தான்.

யாயோய் என்ற பெயர் 1884-இல் டோக்கியோவின் யாயோய் பகுதியில் கிடைத்த ஒற்றைப் பானையால் வந்தது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு ஓமோரி என்ற இடத்துச் சிப்பிமேட்டில் அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ் கயிற்றுத்தடம் பதிந்த பழைய பானைகளைத் தோண்டியிருந்தார். அவை ஜோமோன் மக்களுடையவை. அவர்கள் வேட்டையாடி, மீன் பிடித்து, கஷ்கொட்டை மரங்களைப் பேணி, பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். யாயோய்ப் பானை வேறு மாதிரி இருந்தது. அலங்காரம் குறைவு, வடிவம் நேர்த்தி. ஆனால் அந்தப் பானையைச் செய்தவர்கள் உழவர்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

தெரியவந்தது ஒரு நெல்மணியின் அச்சால். 1925-இல் யாமானோஉச்சி சுகாவோ என்ற ஆய்வாளர், வடகிழக்கே மியாகி மாகாணத்துச் சிப்பிமேடு ஒன்றில் கிடைத்த பானையின் அடிப்பகுதியில் நெல்மணி பதிந்த தடத்தைக் கண்டு எழுதினார். பானை வனையும்போது தரையில் கிடந்த ஒரு மணி ஈரக்களிமண்ணில் ஒட்டி, சூளையில் எரிந்து, தடத்தை மட்டும் விட்டுப் போயிருக்கிறது. இந்தச் சிறு குழிகளைத் தேடும் வேலை இன்றுவரை நடக்கிறது. குழிக்குள் சிலிக்கோன் பசையை அழுத்தி எடுத்து, அந்த வார்ப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் உமியின் மேல்தோல் வரைக்கும் தெரியும். நெல்லா, தினையா, பனிவரகா என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். ஜோமோன் காலத்திலேயே நெல் இருந்தது என்ற பழைய வாதங்களில் பல இந்தச் சோதனைக்குப் பிறகு வலுவிழந்தன. மத்திய ஜப்பானின் மலைப்பகுதிகளில் நெல்லைவிடத் தினையும் பனிவரகும்தான் முன்னால் நின்றன என்பதும் இப்படித்தான் தெளிவானது. யாயோய் என்றாலே நெல் என்று பாடநூல்கள் எழுதியதில் ஒரு திருத்தம் தேவைப்பட்டது.

1936-37-இல் நாரா மாகாணத்தின் காரகோ என்ற குளத்தில் சாலை போடுவதற்காக மண் எடுத்தபோது, சேற்றுக்குள் மரக்கலப்பைக் காலத்துக்கும் முந்தைய மண்வெட்டிகளும் மண்வாரிகளும் உலக்கைகளும் அழுகாமல் கிடந்தன. யாயோய் தொல்லியலின் பெரும் அதிர்ஷ்டமே இந்த ஈரம்தான். ஜப்பானின் மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உள்ளது, எலும்பைத் தின்றுவிடும். ஆனால் நிலத்தடி நீர் மூடிய வயலில் காற்று புகாது, மரம் இரண்டாயிரம் ஆண்டுகள் நிற்கும். உழவன் கையில் பிடித்த கருவியே கிடைக்கும் வாய்ப்பு உலகில் வெகு சில இடங்களில்தான் உண்டு.

அதன் உச்சம் ஷிசுவோகா நகரின் டோரோ. 1943-இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, விமான உந்துவிசிறி செய்யும் ஆலைக்காக நிலத்தைத் தோண்டியபோது தட்டுப்பட்டது. முறையான அகழாய்வு 1947 முதல் 1950 வரை நடந்தது. அந்த ஆண்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். நாடு தோற்றிருந்தது, நகரங்கள் எரிந்திருந்தன, ரேஷன் அரிசிக்கு மக்கள் அல்லாடினார்கள். கடவுளின் வழித்தோன்றல்களான பேரரசர்களிடமிருந்து நாட்டின் வரலாறு தொடங்குகிறது என்று பள்ளிகளில் படித்த தலைமுறை, இப்போது சேற்றில் இறங்கிச் சாதாரணக் குடியானவனின் வயலைக் கையால் தோண்டியது. மாணவர்கள் திரளாக வந்தார்கள். இந்த அகழாய்வின் உந்துதலில்தான் 1948-இல் ஜப்பானியத் தொல்லியல் சங்கம் உருவானது. அந்த நாட்டின் தொல்லியல் மக்களிடம் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு டோரோவே காரணம் என்பது என் கருத்து.

அங்கே கிடைத்தது கி.பி. 1-ஆம் நூற்றாண்டை ஒட்டிய ஒரு முழுக் கிராமம். பன்னிரண்டு வீடுகள், தூண்கள்மேல் உயர்த்திக் கட்டிய இரண்டு நெற்களஞ்சியங்கள், 7 ஹெக்டேருக்கு மேல் வயல். வரப்பு சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் மரப்பலகையும் முளைக்குச்சியும் வரிசையாக அடித்திருந்தார்கள். களஞ்சியத் தூண்களின் தலைப்பில் எலி ஏறாதபடி அகலமான பலகை. சேற்றில் கால் புதையாமல் நடக்கக் கட்டிக்கொள்ளும் பலகைச் செருப்பு, தீக்கடைகோல், தறியின் பாகங்கள், உரல், உலக்கை எல்லாம் இருந்தன. வெள்ளம் வந்து ஊரை மூடியதால்தான் இத்தனையும் மிஞ்சின. முதலில் பெரிய பெரிய வயல்கள் என்று நினைத்தார்கள். பிற்கால மறு அகழாய்வில் உள்ளுக்குள் சின்னச் சின்ன வரப்புகளால் பாத்தி பிரித்திருந்தது தெரிந்தது. சற்றே சரிவான நிலத்தில் தண்ணீரை ஒரே மட்டத்தில் நிறுத்த எளிய வழி பாத்தியைச் சிறிதாக்குவதுதான். பரம்படித்து ஏக்கர் கணக்கில் சமப்படுத்த மாடு கிடையாது, ஏர் கிடையாது. எல்லாம் மனிதக் கைவேலை.

டோரோ யாயோய் காலத்தின் பிற்பகுதி. தொடக்கத்தைப் பார்க்க கியூஷூவுக்குப் போக வேண்டும். ஃபுகுவோகா நகரின் இட்டாசூகே 1951 முதல் தோண்டப்பட்ட இடம். 1978-இல் அங்கே ஒரு வயல் வெளிப்பட்டபோது ஆய்வுலகம் அதிர்ந்தது. காரணம், அந்த வயல் கிடந்த மண்ணடுக்கில் இருந்த பானைகள் யாயோய்ப் பானைகள் அல்ல. அதுவரை ஜோமோன் காலத்தின் கடைசிக் கட்டம் என்று வகைப்படுத்தப்பட்ட யூசு வகைப் பானைகள். வேட்டைக்காரர்களின் பானை என்று முத்திரை குத்தியிருந்த ஓடுகளுக்கு நடுவே, முளையடித்த வரப்பு, வாய்க்கால், வாய்க்காலைக் குறுக்கே மறித்துத் தண்ணீரை வயலுக்குத் திருப்பும் மரத் தடுப்பணை, மிகுந்த நீரை வெளியேற்றும் வடிகால்! அந்தச் சேற்றின் பரப்பில் மனிதக் காலடித் தடங்களும் பதிந்திருந்தன. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் சாகா மாகாணத்தின் கராட்சு நகரில் நபாட்டாகே என்ற இடத்தில் இன்னும் பழைய வயலும் கரிந்த நெல்மணிகளும் மரக்கருவிகளும் கிடைத்தன. பானையை வைத்துக் காலத்தைப் பிரித்தது போதாது, வாழ்க்கை முறையை வைத்துப் பிரிக்க வேண்டும் என்ற வாதம் அப்போது எழுந்தது. யாயோயின் தொடக்கம் ஒரு கட்டம் முந்தைய காலத்துக்குக் கொண்டுபோகப்பட்டது.

நான் முக்கியமாகக் கருதுவது அந்த முதல் வயலின் தரம். தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்ளும் கட்டமே அங்கே இல்லை. முதல் வயலிலேயே மடை இருக்கிறது, வடிகால் இருக்கிறது. பல தலைமுறை வேறெங்கோ பாசனம் செய்து பழகிய கைகளின் வேலை அது.

கருவிகளில் ஒன்றை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம்: கதிர்க்கத்தி. உள்ளங்கை அளவு தட்டைக் கல், பிறை வடிவம், முதுகுப்பக்கம் இரண்டு துளைகள். துளைகளில் கயிறு கோத்து விரலை நுழைத்துக்கொண்டு, கல்லை உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு கதிராகக் கிள்ளி எடுப்பார்கள். தாளோடு அரிவாளால் அரிந்து கட்டு கட்டும் நம் அறுவடைக்கு இது நேர் மாறானது. ஏன் கதிர் கதிராக என்றால், அன்றைய பயிரில் எல்லாக் கதிரும் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. முற்றியதை மட்டும் பறித்து, பச்சையை விட்டுவைக்க இந்தக் கத்திதான் தோது. இதே துளையிட்ட கத்தி கொரியாவில் முமுன் எனப்படும் அலங்காரமற்ற பானைகளின் காலத்து உழவர் ஊர்களில் கிடைக்கிறது. அதற்கும் முன்னால் சீனாவில் கிடைக்கிறது. பின்னாளில் கியூஷூவின் தாத்தேஇவா என்ற ஊர் இந்தக் கத்திகளைச் செய்து சுற்றுவட்டாரம் முழுக்க அனுப்பியது. இமாயாமா என்ற குன்றின் கருங்கல்லில் செய்த தடித்த கோடரிகளும் அப்படியே பரவின. அந்தக் கோடரி இல்லாமல் கருவாலி மரத்தை வெட்ட முடியாது. கருவாலி இல்லாமல் மண்வெட்டி இல்லை. காய்ந்த பிறகு அந்த மரம் கல்லாக இறுகிவிடும் என்பதால், பச்சையாகவே வடிவம் செதுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு வைத்திருந்தார்கள். அரைகுறையாகச் செதுக்கிய மண்வெட்டிகள் குழிகளில் அப்படியே கிடைத்திருக்கின்றன.

கொரியாவில் சொங்குக்-ரி என்ற ஊரின் பெயரால் அழைக்கப்படும் வீட்டு வகை ஒன்று உண்டு. வட்டமான பள்ள வீடு, நடுவே ஒரு நீள்வட்டக் குழி, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு தூண்குழி. இவ்வளவு குறிப்பான அமைப்பு தற்செயலாக இரண்டு இடங்களில் தோன்றாது. அது கடலுக்கு இந்தப் பக்கமும் வருகிறது. தீட்டிய கற்குத்துவாளும் கல்லம்பு முனையும் வருகின்றன. வடமேற்குக் கியூஷூவில் கல்திட்டைப் புதைகுழிகள் எழுகின்றன; கொரியாவின் தெற்குக் கல்திட்டைகளின் வழியில் வந்தவை அவை.

அப்படியானால் வந்தவர்கள் கொரியர்கள், ஜோமோன் மக்கள் அழிந்தார்கள் என்று முடித்துவிடலாமா? முடியாது. இட்டோஷிமாவின் ஷின்மாச்சி என்ற இடத்தில் அந்தக் கல்திட்டைகளுக்குள்ளேயே எலும்புகள் கிடைத்தன. கல்லறை கொரிய பாணி. உள்ளே கிடந்தவரின் முகக்கூறும் உடலமைப்பும் ஜோமோன் சாயல். அங்கேயே இன்னொருவரின் தொடை எலும்பில் தீட்டிய கல்லம்பு முனை செருகி இருந்தது. ஆக, உள்ளூர் மக்கள் புதிய வாழ்க்கையை ஏற்றார்கள்; அதே தலைமுறைகளில் சண்டையும் வந்தது. இதற்கு மாறாக யாமாகுச்சி மாகாணத்தின் டொய்காஹாமா மணல்மேட்டில் 1953 முதல் மானிடவியலாளர் கனாசேகி தாகேயோ தோண்டிய சுமார் முந்நூறு பேரின் எலும்புகள் உயரமான, முகம் நீண்டு தட்டையான மக்களைக் காட்டின. வெளியிலிருந்து வந்தவர்களின் கலப்பு என்று அவர் அன்றே சொன்னார். 2024-இல் அந்த மணல்மேட்டுப் பெண் ஒருவரின் முழு மரபணுத்தொகுதி ஆராயப்பட்டபோது, இன்றைய மக்களில் ஜப்பானியருக்கு அடுத்தபடியாகக் கொரியருக்கே அவர் நெருக்கம் என்று தெரிந்தது. நாகசாகிப் பக்கத்து ஷிமோமோட்டோயாமா குகையில் புதைந்தவர்களோ யாயோய் காலத்தின் பிற்பகுதியிலும் ஜோமோன் வழியைப் பாதியளவில் சுமந்திருந்தார்கள். டொட்டோரி மாகாணத்தின் அவோயா-கமிஜிச்சியில் கி.பி. 2-ஆம் நூற்றாண்டளவில் ஒரு வாய்க்காலில் நூறு பேருக்கு மேல் கிடந்தார்கள். பல எலும்புகளில் வெட்டுக்காயம், மூன்று மண்டையோடுகளுக்குள் மூளையே மிஞ்சியிருந்தது. அவர்களின் தாய்வழி மரபணு ஏறக்குறைய முழுவதும் ஆசியப் பெருநிலத்தைச் சேர்ந்தது. தந்தைவழியில் ஜோமோன் மரபு தெரிந்தது. ஊருக்கு ஊர் கலப்பின் அளவு மாறியது. ஒரே வாக்கியத்தில் இந்த மக்களின் பிறப்பைச் சொல்ல முயல்கிறவர்கள் தவறத்தான் செய்வார்கள்.

இனி காலம். நெடுநாளாக யாயோயின் தொடக்கம் கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வாக்கில் என்று இருந்தது. சீன வெண்கலக் கண்ணாடிகள் எந்தப் பானையோடு கிடைக்கின்றன என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிய கணக்கு அது. 2003-இல் சக்குரா நகரிலுள்ள தேசிய ஜப்பானிய வரலாற்று அருங்காட்சியகத்தின் குழு, தொடக்கம் கி.மு. 10-ஆம் நூற்றாண்டு என்று அறிவித்தது. ஒரே அடியில் ஐந்நூறு ஆண்டு! அவர்கள் எடுத்துக்கொண்டது பானைகளின் வெளிப்புறம் படிந்த கரியும், பொங்கி வழிந்து கருகிய கஞ்சிக் கறையும். சில மில்லிகிராம் இருந்தாலே, வயதைக் காட்டும் கார்பன்-14-ஐ முடுக்கி நிறை நிறமாலைமானி என்ற கருவியில் அளக்கலாம். பக்கத்தில் கிடந்த விறகுக்கரிக்கும் பானைக்கும் தொடர்பு உண்டா என்ற பழைய தலைவலி இதில் இல்லை. அந்தப் பானையில் சமைத்தபோது படிந்த கரிதான் அது.

எதிர்ப்பு பலமாக வந்தது, அதில் நியாயமும் இருந்தது. மீன் வேகவைத்த பானை என்றால் கடலின் பழைய கார்பன் கலந்து காலம் முந்திக் காட்டும். முதிய மரத்தை எரித்தாலும் அப்படியே. மேலும் கி.மு. 8 முதல் 5-ஆம் நூற்றாண்டு வரை கார்பன் அளவை ஆண்டாக மாற்ற உதவும் வளைகோடு தட்டையாகிவிடுவதால், அந்த இடைவெளியில் எந்தத் துல்லியமும் கிடைக்காது. இந்த விவாதம் முற்றாக ஓயவில்லை. ஆனாலும் பழைய கணக்குக்கு யாரும் திரும்பவில்லை. அதற்கு முன்பே 1996-இல், ஒசாக்காவின் இகெகாமி-சோனே என்ற ஊரில் பெரிய கட்டடமொன்றின் தூணை மரவளையம் எண்ணிப் பார்த்து, அது கி.மு. 52-இல் வெட்டப்பட்ட மரம் என்று கண்டிருந்தார்கள். அந்தக் கட்டத்தை அதுவரை ஒரு நூற்றாண்டு பிந்தியதாக வைத்திருந்தார்கள். பழைய கணக்கில் விரிசல் அப்போதே விழுந்துவிட்டது.

காலம் முன்னே போனதும் இரும்பு பற்றிய கதை மாறியது. இரும்பும் நெல்லும் சேர்ந்தே வந்தன என்று எழுதிவந்தார்கள். கி.மு. 10-ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஆசியாவின் அந்தப் பகுதியில் இரும்புக் கருவி புழக்கத்திலேயே இல்லை. பழைய இரும்புக் கண்டெடுப்புகளை மறுபடி பார்த்தபோது அவற்றின் மண்ணடுக்கு உறுதியாக இல்லை என்று தெரிந்தது. இப்போதைய கணிப்பில் இரும்பு கி.மு. 4-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வருகிறது. அப்படியானால் ஐந்தாறு நூற்றாண்டுகள் கல்லையும் மரத்தையும் வைத்தே இத்தனை வயலையும் ஆக்கினார்கள்.

பரவியதும் சீராக இல்லை. ஜப்பானின் முதன்மைத் தீவான ஹோன்ஷூவின் வடக்கே, ஹிரோசாகி அருகே சுனாசாவாவில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே வயல் இருக்கிறது. டோக்கியோ சமவெளியில் வயல் வேரூன்றியது அதற்கும் பிறகு. சுனாசாவா மக்கள் நெல்லை எடுத்துக்கொண்டார்கள், பழைய கல்கருவிகளையும் மண்பாவைகளையும் விடவில்லை. ஹிரோசாகி அடங்கிய அவோமோரி மாகாணத்திலேயே இனகதாட்டே கிராமத்தின் தரேயானாகியில் 656 சிறு பாத்திகள் கிடைத்தன. பெரியவர், சிறுவர் காலடிகளோடு. வெள்ளமணல் அந்த வயலை மூடியது. அதன்பின் அந்த வட்டாரம் பல நூற்றாண்டுகள் நெல்லை விட்டுவிட்டது. விவசாயம் ஒருமுறை வந்தால் திரும்பிப் போகாது என்ற எண்ணத்துக்கு இது நல்ல மறுப்பு. ஹொக்கைடோவும் ஒகினாவாவும் இந்தக் காலம் முழுக்க நெல்லுக்கு வெளியே இருந்தன.

அகழிகள், போர், தலைவர்கள் பற்றியெல்லாம் தனியாகவே எழுத வேண்டும். சாகா மாகாணத்தின் யோஷினோகாரியை மட்டும் சொல்கிறேன். தொழிற்பேட்டைக்காக 1986-இல் தொடங்கிய மீட்பு அகழாய்வு அது. 1989-இல் செய்தி வெளியானதும் மக்கள் வெள்ளமாகத் திரண்டார்கள். தொழிற்பேட்டைத் திட்டம் கைவிடப்பட்டது. சுமார் 2.5 கிலோமீட்டர் சுற்றளவுள்ள அகழி, காவல் கோபுரங்களின் தூண்குழிகள், ஆயிரக்கணக்கான தாழிகள், தலையில்லாத ஓர் எலும்புக்கூடு.

தாழி என்றதும் நம் கேள்விக்கு வந்துவிட்டோம். மொழியியலாளர் ஓனோ சுசுமு 1980-களிலிருந்து தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று எழுதினார்; நெல்லும் உலோகமும் நெசவும் தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே போனவை என்றும் வாதிட்டார். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் அவரோடு உழைத்த அறிஞர்கள் இருந்தார்கள். அவரது உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. மொழி வாதத்தைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அதை விட்டுவிட்டு மண்ணுக்குள் இருப்பதை மட்டும் பார்ப்போம்.

ஆதிச்சநல்லூர்த் தாழிகளும் கியூஷூத் தாழிகளும் படத்தில் ஒன்றுபோல் தெரியும். ஆனால் கியூஷூவில் பெரியவர்களைத் தாழியில் புதைக்கும் வழக்கம் முதல் உழவர்களோடு வரவில்லை. முதல் உழவர்கள் கல்திட்டையிலும் மரப்பெட்டியிலும் புதைத்தார்கள். தாழி பல நூற்றாண்டுகள் கழித்து, குழந்தைகளைப் பானையில் புதைத்த உள்ளூர்ப் பழக்கம் வளர்ந்து, ஃபுகுவோகா-சாகா வட்டாரத்தில் பெருகியது. பானைகள் படிப்படியாகப் பெரிதாவதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு தாழிகளை வாயோடு வாய் பொருத்திச் சாய்வாகக் கிடத்தினார்கள். தமிழர்கள் கொண்டுபோன வழக்கம் என்றால் அது முதல் நாளே அங்கே இருந்திருக்க வேண்டும்.

இரும்பும் அப்படித்தான். ஆதிச்சநல்லூரில் தாழிகளோடு இரும்பு வாளும் ஈட்டியும் மண்வெட்டியும் ஏராளம். இரும்பு அறிந்த மக்கள் கடல் கடந்து போய், போன இடத்தில் கல்கத்தியால் கதிர் கிள்ளியிருப்பார்களா? யாயோய் நெல்லும் குட்டையான மணியுடைய ஜபோனிகா வகை. சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் பயிராகி, வடக்கே ஏறி, கொரியா வழியாக இறங்கியது. அந்த வழியெங்கும் இடைப்பட்ட ஊர்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. தமிழகத்துக்கும் கியூஷூவுக்கும் இடையில் அப்படி ஓர் ஊர்கூட இல்லை.

உண்மையான தொடர்பு ஒன்று உண்டு, அது சிறியது. யாயோய்க் கல்லறைகளில் கடுகளவும் மிளகளவுமாகச் சிறு கண்ணாடி மணிகள் கிடைக்கின்றன. உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடாக்கி விளிம்பை மழுக்கும் உத்தியில் செய்தவை அவற்றில் பல. அரிக்கமேட்டில் நடந்த வேலை அதுவே. தென்கிழக்கு ஆசியக் கரைகளிலும் நடந்தது. இந்தோ-பசிபிக் மணிகள் என்று அழைக்கப்படும் இவை கைமாறிக் கைமாறிக் கொரியாவையும் கியூஷூவையும் எட்டின. இன்ன மணி இன்ன ஊரில் செய்தது என்பதை வேதிப்பகுப்பாய்வால் பிரிக்கும் வேலை நடந்துவருகிறது. வணிகப் பொருள் போயிருக்கிறது; உழவர் கூட்டம் போகவில்லை. தமிழர்-ஜப்பான் தொடர்பை ஆராய விரும்பும் மாணவர்கள் இந்த மணிகளை எடுத்துக்கொண்டால் பயனுள்ள வேலை நிறைய இருக்கிறது.

நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் ஃபுகுவோகாவில் இறங்குங்கள். இட்டாசூகே விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊரையும் வயலையும் மறுபடி அமைத்துவைத்திருக்கிறார்கள். யோஷினோகாரி 2001-இலிருந்து பெரிய வரலாற்றுப் பூங்கா. நேரம் குறைவு என்றால் பூங்காவை விட்டுவிட்டு கராட்சு போய் நபாட்டாகே வயலையும் அதன் அருங்காட்சியகத்தையும் பாருங்கள்.